சைவ ஹோட்டலில் ஒரு கடல்

சைவ ஹோட்டல் நடத்துகிறவனுக்குக் காலையில் மாவு புளித்ததா என்ற கவலை, மத்தியானம் சோறு மிஞ்சிவிடுமோ என்ற கவலை, சாயங்காலம் பால் திரிந்துவிடுமோ என்ற கவலை. சொந்தமாக ஒரு கவலை வைத்துக்கொள்ள அவனுக்கு நேரமே கிடையாது. நானோ நேரத்தை உண்டாக்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே, கடல் தண்ணீரும் மீனுமாக ஒரு பழைய கண்ணாடித் தொட்டியை விலைக்கு வாங்கிக் கல்லாப் பக்கத்தில் வைத்தேன். வேண்டாத வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அப்புறம் இறக்கி வைக்கவும் மனசு வராமல் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்கள் நம்ம ஆள். உட்காருங்கள், சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்; சிலருக்கு நான் பிள்ளை, சிலருக்கு அண்ணாச்சி. ஹோட்டலோ கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக இறங்குகிற தெருவில். மாடியில் வீடு. கல்லாவில் நான், அடுக்களையில் சரக்கு மாஸ்டர் சுடலைமுத்து, சாயா அடிக்கிற இடத்தில் குஞ்ஞுமோன், எங்கள் எல்லாருக்கும் மேலே என் வீட்டுக்காரி செண்பகம். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கின சமயம்.

நாற்காலி வாங்கப் போனது

போர்ட் கொச்சியில் லோபோ என்று ஒரு ஆங்கிலோ இந்தியர். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளோடு போய்ச் சேரப் போகிறார், வீட்டுச் சாமானை எல்லாம் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ஹோட்டலுக்கு நாலு நாற்காலி தேறுமா என்று பார்க்கப் போனேன். நாற்காலிகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் அந்தத் தொட்டி இருந்தது.

உள்ளே லட்சத்தீவிலிருந்து அவர் கொண்டுவந்த பவளக் கற்கள், அவற்றின் மேல் ஊதாவும் பச்சையுமாக என்னென்னவோ பூத்துக் கிடந்தன. நடுவில் விரல் விரலாக ஆடுகிற ஒரு கடல் பூ. அந்தப் பூவுக்குள்ளே புகுந்து புகுந்து வெளியே வந்தன இரண்டு மீன்கள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. பெரியது முன்னால் போக, சின்னது பின்னாலேயே ஓடியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. லோபோவின் வேலைக்காரி கொண்டுவந்த காப்பி ஆறிப்போனது.

"இதை எப்படிப் பார்த்துக்கணும் சார்?" என்று கேட்டேன். வெந்நீர் அடுப்பு வாங்குகிறவன் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவர் தொட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுப் போகிற தகப்பன் மாதிரி சொன்னார்: "பிள்ளே, நீ மீனைப் பார்த்துக்காதே. தண்ணியைப் பார்த்துக்கோ. மீனைத் தண்ணி பார்த்துக்கும்."

கல்லுக்குப் புளிக் குளியல்

தொட்டி கைவண்டியில் வந்தது. மீன்களும் பூவும் பால் கேனில், கற்கள் சாம்பார் அண்டாவில். கண்ணாடியை மேஜையில் ஏற்றி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்கட்டிலிருந்து பரட் பரட் என்று சத்தம். போய்ப் பார்த்தால் செண்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புளியும் சாம்பலும் போட்டுக் கற்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நாறுகிறதாம், வழவழவென்று பாசி பிடித்திருக்கிறதாம். அந்த ஊதாவும் பச்சையும் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தன. நான் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடியதில் பாதிக் கல் தப்பியது.

"அட பாவி, அதுக்கெல்லாம் உயிர் இருக்குடி!" என்று கத்தினேன். அவள் எழுந்து நின்றாள். சைவ ஹோட்டலில் மீனைக் கொண்டுவந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. நாற்காலி வராததும் பிடிக்கவில்லை. ஈரக் கையை உதறிக்கொண்டு, அப்போதே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "சரிங்க, உயிர்னே வச்சுக்கிடுங்க. சாப்பாடு போடுற இடத்துல சாவு விழக் கூடாது. இதுல ஒரு மீன் செத்தாலும் அன்னைக்கே தொட்டி தெருவுக்குப் போயிடும், சொல்லிட்டேன்."

எவ்வளவு நேரம் ஆகும்?

சும்மா சொல்லக் கூடாது, தொட்டி வந்த பிறகு கூட்டம் வந்தது. ஒரு வடைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள், அது வேறு விஷயம். வேலைக்காரர்கள் மீன்களுக்குப் பேரும் வைத்துவிட்டார்கள். பெரியது எந்நேரமும் சின்னதை விரட்டும். சின்னது ஒதுங்கி நின்று, கோபம் தணிந்ததும் நைசாகப் பக்கத்தில் வரும். அதனால் பெரியது 'அம்மா', சின்னது 'முதலாளி'. என் காது படவே சொல்வார்கள். என்ன செய்வது, பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம், மூட்டை இறக்குகிற ஆள் ஒருவர், புதுசு, துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். இலை போட்டாயிற்று, சாம்பார் ஊற்றியாயிற்று, அவர் கை வைக்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்தியோடு பார்க்கிறார் என்று நினைத்து நான் பெருமையோடு கிட்டே போனேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணாச்சி, சின்னது மதி, ஒண்ணு போதும். பொரிக்க எத்தற நேரம் ஆகும்?"

கடல் கடத்தல்

வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று லோபோ சொல்லியிருந்தார். போர்ட் கொச்சிக் கடற்கரைக்கு சைக்கிளில் போய், இரண்டு பக்கமும் பால் கேன் கட்டி நிரப்பிக்கொண்டு வருவேன். அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து வாட்ச், ரேடியோ, துணி என்று எது எதுவோ கள்ளத்தனமாக இறங்கும். கடற்கரையில் விடியற்காலையில் மூடி போட்ட கேனோடு வருகிறவனை யார் நல்லவன் என்று நினைப்பார்கள்?

ஒரு சுங்க அதிகாரி நிறுத்தினார். "கேனில் என்ன?" "கடல் தண்ணி சார்." அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மூடியைத் திறந்தார், மோந்து பார்த்தார், கையை விட்டு அடி வரைக்கும் துழாவினார். சாராயமோ என்று சந்தேகம் போலிருக்கிறது, ஒரு வாய் குடித்தும் பார்த்தார். துப்பி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அடுத்த கேனைத் திறக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல தங்கம் பிடிச்சிருக்கேன், சாராயம் பிடிச்சிருக்கேன். கடல் தண்ணிய கடலுக்குத் தெரியாம கொண்டு போற ஆளை இப்பத்தான் காணுறேன். போ, சைக்கிளை எடு!"

சேட்டின் புண்ணியம்

எங்கள் ஹோட்டலுக்குத் தினமும் ஒரு குஜராத்தி சேட் வருவார், மிளகுத் தரகர், ஜைனர். காலையில் கோயிலில் புறாக்களுக்குத் தானியம் போட்டுவிட்டு நேரே இட்லிக்கு வருவார். தொட்டியைக் கண்டதும் அவருக்கு ஒரே ஆனந்தம். வாயில்லா ஜீவனுக்குத் தீனி போட இன்னொரு இடம் கிடைத்ததே! நான் உள்ளே போய் வருவதற்குள் புறாவுக்குப் போட்டு மிஞ்சின சோளத்தைத் தொட்டியில் தூவிவிட்டார். முதலாளி ஒரு மணியை வாயில் வாங்கி, 'தூ' என்று துப்பினார். மீன் முதலாளியைச் சொல்கிறேன்.

"பின்னே என்ன தின்னும், பிள்ளைஜி?" என்று கேட்டார் சேட். எனக்கு மென்று முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அது தின்பது இறால். பக்கத்துத் தையல் கடைக்காரர் வீட்டில் நறுக்கின இறாலில் ஒரு சிட்டிகை வாங்கி, அதற்கென்று தெருப் பக்கத்து ஜன்னலில் வைத்திருந்த கரண்டியால் போடுவேன். அந்தக் கரண்டி அடுக்களை வாசலைத் தாண்டினால் செண்பகம் என்னையும் தாண்ட விடமாட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு உயிருக்கு இன்னொரு உயிரா என்று அவர் ரொம்ப நேரம் யோசித்தார். இட்லி ஆறிப்போனது. பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அது பசியோட இருக்கக் கூடாது, நானும் பார்க்கக் கூடாது. நான் திரும்பிக்கிட்டேன். நீ போடு."

வற்றின சாம்பார்

கோடை வந்தது. தொட்டியில் தண்ணீர் தினமும் விரற்கடை விரற்கடையாகக் குறைந்தது. நானும் விடாமல் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி நிரப்பினேன். கடல் குறைந்தால் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? ஆனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பூ சுருங்கி முஷ்டி மாதிரி ஆகிவிட்டது. ஒன்று செத்தால் தொட்டி தெருவுக்கு.

எங்கள் ஹோட்டலில் ஒரு முறை உண்டு. பந்திக்கு முன்னால் சாம்பாரை மாஸ்டரும் நானும் ஆளுக்கொரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்போம். அன்று சாம்பார் வற்றிக் கரித்தது. மாஸ்டர் கேட்காமலே ஒரு செம்பு வெந்நீரை ஊற்றினார். எனக்குச் சுரீர் என்றது. ஆவியாகிப் போவது தண்ணீர்தானே, உப்பு எங்கே போகும்? ஓடிப்போய்த் தொட்டித் தண்ணீரை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். ஐயோ, நாக்கு சுருண்டுவிட்டது! அன்று முதல் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றி இறக்கினேன். மறுநாளே பூ விரிந்தது, மீன்கள் கீழே இறங்கின. விஷயத்தைக் கேட்ட சுடலைமுத்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்: "இருவது வருசமா ஹோட்டல் நடத்துதீக. வத்தின சாம்பாருக்குத் தெனமும் உப்பை அள்ளிப் போட்டுருக்கீகளே முதலாளி!"

மீன் சாயா

கரண்ட் போனால் நமக்கு விசிறி நிற்கும், அவ்வளவுதான். மீனுக்கு மூச்சே நிற்கும். தொட்டிக்குள் காற்று விடுகிற சின்ன பம்பு கரண்டில் ஓடுவது. ஒரு நாள் சாயங்காலம் கூட்டமான நேரத்தில் போன கரண்ட் வரவே இல்லை. தெருக்கோடியில் ஏதோ கம்பி அறுந்துவிட்டதாம். மீன்கள் மறுபடியும் மேலே வந்துவிட்டன. நான் விசிறிமட்டையால் தண்ணீரை விசிறினேன். என்னைப் பார்த்து யாரும் சிரிக்காததிலிருந்தே நிலைமை புரிந்தது.

குஞ்ஞுமோன் சாயாக் கோப்பையைக் கழுவிக் கழுவி, இனிப்பு வாடை போகிற வரை கழுவிக்கொண்டு வந்தான். தொட்டியிலிருந்து ஒரு கோப்பை மொண்டான். கையை மேலே தூக்கி, ஒரு முழ நீளத்துக்கு நுரை பொங்க ஆற்றி உள்ளே ஊற்றினான். மறுபடி மொண்டான், மறுபடி ஆற்றினான். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. கை மாறி மாறி அவனும் நானும் ஆற்றினோம். கரண்ட் வந்தபோது மீன்கள் அடியில் விளையாடிக்கொண்டிருந்தன. என் தோளைத்தான் தூக்க முடியவில்லை. அந்நேரம் முழுக்கச் சாயாவுக்காகக் காத்திருந்த ஒருவர், குஞ்ஞுமோன் அதே கோப்பையோடு திரும்பி வருவதைப் பார்த்து எழுந்து நின்றார்: "மோனே, எனக்கு அந்தச் சாயா வேண்டா. பால் ஊத்தின சாயா மதி!"

படகுத்துறைத் தண்ணீர்

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கொட்டுகிற மழையில் போர்ட் கொச்சி வரை யார் சைக்கிள் மிதிப்பது? எங்கள் தெரு மிளகுக் குடோனுக்குப் பின்னாலேயே படகுத்துறை, உப்பங்கழி. கோடையில் அங்கே குளித்தால் உடம்பில் உப்புப் பூக்கும். அதே தண்ணீர்தானே என்று இரண்டு கேன் மொண்டுவந்து ஊற்றிவிட்டேன். பகல் சாப்பாடு முடிவதற்குள் முதலாளி பக்கவாட்டில் சாய்ந்து நீந்த ஆரம்பித்தார். அம்மா அவரை விரட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். உப்பே இல்லாத பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது! மலையில் பெய்த மழையெல்லாம் ஆற்று வழியாக வந்து கழியை நிரப்பியிருந்தது. தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள், நான்தான் கேட்கவில்லை. அந்த மழையில் நல்ல கடல் தண்ணீருக்கு எங்கே போவது? மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து, தூசி போக வடிகட்டி, சிறுகச் சிறுக ஊற்றினார். ஊற்றுவது, உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பது, காத்திருப்பது, மறுபடி ஊற்றுவது. செண்பகம் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதலாளி நிமிர்ந்தார். மாஸ்டர் கடைசியாக ஒரு சொட்டு நக்கிப் பார்த்து, கண்ணை மூடித் திறந்தார்: "உப்பு சரியா நிக்குது முதலாளி. பெருங்காயம் ஒண்ணுதான் கொறை."

தீவுக்காரர்

அந்த மழையில்தான் கோயாக்கா எங்களுக்குப் பழக்கமானார். லட்சத்தீவுக்காரர். கொப்பரை விற்க வந்தவர், மழைக்காலத்தில் கடல் மூடி, படகு ஓடாததால் ஊருக்குப் போக வழியில்லாமல் மட்டாஞ்சேரியில் மாட்டிக்கொண்டார். முதல் நாள் தொட்டியைப் பார்த்ததும் கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்றார். அதற்குப் பிறகு தினமும் அதே நாற்காலி, பால் விடாத கட்டன் சாயா, வெளியே மழை. செண்பகத்துக்கு அவர் மேல் இரக்கம். சாயாவோடு ஒரு வாழைக்காய் பஜ்ஜி தானாகப் போகும்.

"என்ன கோயாக்கா, அவ்வளவு பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். புளி போட்டுத் தேய்த்து வெளுத்த கற்களை அவரிடமிருந்து மறைத்துக்கொண்டுதான் நின்றேன். அவர் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இது எங்க வீட்டுக்குப் பின்னாடி கெடக்குற கல்லு, அண்ணாச்சி. என்ற மோள் இது மேல ஏறி நின்னு என்னைத் தேடி அழும். அவளைத்தான் காணோம்."

முதலாளி எங்கே?

மழை ஓய்கிற நேரத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தொட்டியைப் பார்த்தேன். அம்மா மட்டும் பூவுக்குள் இருந்தார். "சின்னது எங்கே?" என்றேன். "கல்லுக்குப் பின்னால இருக்கும்" என்றாள் செண்பகம். "இப்பத்தான் கண்டேன் முதலாளி" என்றான் குஞ்ஞுமோன். "காலையில கூட இறால் தின்னுச்சே" என்றார் மாஸ்டர். சேட் வழக்கம் போலச் சுவரைப் பார்த்தபடி, "இருக்கும், இருக்கும்" என்றார். மறுநாளும் காணோம், அதற்கடுத்த நாளும் காணோம். நான் கையை விட்டுக் கல்லைப் புரட்டப் போனால் செண்பகம் தடுத்துவிடுவாள். மீனைப் பார்க்காதே, தண்ணீரைப் பார் என்று லோபோ சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னாள். எனக்கும் நம்ப ஆசை. தினமும் உப்பைப் பார்த்தேன், கல்லைத் தொடவில்லை.

கடல் திறந்து கோயாக்கா ஊருக்குப் போய், மறுபடி கொப்பரையோடு வந்த வாரம், ஒரு நாள் காலை, சின்னது பூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கேசரி ஓசி என்று அறிவித்தேன். எல்லாரும் சாப்பிட்டார்கள், என் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மத்தியானம் கோயாக்கா வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. கை கழுவிக்கொண்டே உரக்கக் கேட்டார்: "அண்ணாச்சி, நான் தூக்குப்பாத்திரத்துல கொண்டுவந்த புது முதலாளி சுகமா? பெரிய அம்மா அடிக்கலையே?"

மாஸ்டர் அடுக்களைக்குள் போய்விட்டார். குஞ்ஞுமோன் கழுவின கோப்பையையே கழுவினான். நான் மாடியேறிச் செண்பகத்தைக் கேட்டேன். நான் ஊரில் இல்லாதபோது பழைய சின்னது செத்திருக்கிறது. முதலில் பார்த்தவள் செண்பகம். பின்கட்டில் கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்துவிட்டு, வேலைக்காரர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கோயாக்காவிடம் இன்னொன்று கொண்டுவரச் சொன்னதும் அவளே.

"ஒண்ணு செத்தா தொட்டி தெருவுக்குன்னு நீதானே சொன்னே?" என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "சொன்னேன்தான். அப்புறம் அந்தப் பயலுவ அதுக்கு உங்க பேரை வச்சுட்டானுவளே. 'முதலாளி செத்துப்போச்சு'ன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

உப்பு கூடினாலும் குறைந்தாலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தெரிந்துகொள்கிற எனக்கு, பக்கத்திலேயே இத்தனை வருஷம் இருந்தவளை மட்டும் ஒரு தீவுக்காரர் வந்து போட்டுடைத்த பிறகுதான் தெரிந்தது.